குதிரையின் கண் நோய்: தெளிந்த பிறகும் தொடர வேண்டிய சிகிச்சை

குதிரையின் ஒரு கண் கலங்கி நீர் வடிகிறது. சில நாள்களில் தெளிந்தும் விடுகிறது. தூசி விழுந்திருக்கும் என்று உரிமையாளரும் மறந்துவிடுகிறார். சில வாரங்களோ மாதங்களோ கழித்து அதே கண் மறுபடியும் கலங்குகிறது. உலக அளவில் குதிரைகளின் பார்வையிழப்புக்கு முதன்மைக் காரணமாக உள்ள யுவைட்டிஸ் எனும் உள்விழி அழற்சி பெரும்பாலும் இவ்வாறுதான் வெளிப்படுகிறது. நிலவின் வளர்பிறை, தேய்பிறைக்கு ஏற்ப இது வந்துபோவதாக நம்பிய ஐரோப்பியர்கள் முற்காலத்தில் இதை 'நிலாக் குருடு' என்று அழைத்தனர். நிலவுக்கும் இந்நோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

குதிரையின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் கண்ணையே பகையாகக் கருதித் தாக்குவதுதான் அழற்சி திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம். பல நேர்வுகளில் இதைத் தூண்டிவிடுவது, மனிதர்களுக்கு எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா பாக்டீரியா. எலி, கால்நடை ஆகியவற்றின் சிறுநீர் கலந்த தேங்கிய நீர் வழியாக இது பரவுவதால் மழைக்காலத்தில் லாயத்தின் தூய்மை முக்கியத்துவம் பெறுகிறது.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 3.4 லட்சம் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் உள்ளன. அவற்றில் திருமண ஊர்வலத்துக்கும் வண்டி இழுக்கவும் செங்கல் சூளைச் சுமைக்கும் பயன்படுபவை ஏராளம். கௌரிகுண்டிலிருந்து கேதார்நாத் வரை சுமார் 16 கி.மீ. மலைப்பாதையில் யாத்ரிகரைச் சுமக்கும் குதிரைக்குப் பார்வை மங்கினால், ஆபத்து அதற்கு மட்டுமல்ல.

வலியால் கண்ணைப் பாதி மூடியிருத்தல், வெளிச்சத்தைத் தவிர்த்தல், கருவிழி நீலம் கலந்த வெண்மையாக மங்குதல் ஆகியவை அறிகுறிகள். மேல் இமையின் முடிகள் நேராக நில்லாமல் கீழ்நோக்கிச் சரிந்திருப்பது, கவனிக்கத் தெரிந்தவர்களுக்கு முதல் எச்சரிக்கை. கண்ணுக்குள் வெண்ணிற நூல் போன்ற ஒன்று நெளிந்தால் அது வேறு நோய். கொசுக்களால் பரவும் புழு அது. இந்தியாவில் அடிக்கடி காணப்படும் அதற்கு அறுவை சிகிச்சையே தீர்வு.

அழற்சியின்போது கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கி, பின்னால் உள்ள லென்ஸுடன் ஒட்டிக்கொள்ளக்கூடும். இதைத் தடுக்கவே கண்மணியை விரிக்கும் அட்ரோபின் மருந்து இடப்படுகிறது. அழற்சியை அடக்க ஸ்டீராய்டு சொட்டு மருந்தும், வலியைக் குறைக்க வேறு மருந்துகளும் தரப்படுகின்றன. (கழுகினங்களின் அழிவுக்குக் காரணமான டைக்ளோஃபெனாக் மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த 2006 முதல் தடை உள்ளது.) சென்ற முறை மிஞ்சிய ஸ்டீராய்டு மருந்தைத் தாமாகவே விடுவது பெரும் ஆபத்து. கருவிழியில் புண் இருந்தால் அதே மருந்து கண்ணையே அழித்துவிடும். எனவேதான் மருத்துவர் முதலில் சாயம் இட்டுப் புண் உள்ளதா எனச் சோதிக்கிறார்.

சிவப்பு மறைந்தவுடன் மருந்தை நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. வெளியே தெளிந்த கண்ணின் உள்ளே அழற்சி கனன்றுகொண்டிருக்கும். அறிகுறிகள் அடங்கிய பின்னரும் குறைந்தது இரண்டு வாரங்கள், மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். ஒவ்வொரு தாக்குதலும் சிறிது சேதத்தை விட்டுச் செல்கிறது. சேர்ந்த சேதமே கண்புரையாகவும் குருடாகவும் முடிகிறது.

அட்ரோபின் குடலின் இயக்கத்தையும் மந்தமாக்கும். ஆகவே சாணம் குறைகிறதா, வயிற்றுவலி தெரிகிறதா என நாள்தோறும் கவனிக்க வேண்டும். கண்மணி விரிந்திருக்கும் நாள்களில் வெயிலில் நிறுத்தாமல் நிழலில் கட்டுவதும், ஈ அண்டாதபடி கண்ணுக்கு வலை முகமூடி அணிவிப்பதும் அவசியம். தலைக்கு மேல் தொங்கும் வைக்கோலில் இருந்து தூசி கண்ணில் விழும் என்பதால் தீவனத்தைத் தாழ்வாக வைப்பது நல்லது.

ஒரு கண் போன குதிரையும் பழகிய இடத்தில் நெடுநாள் நலமாக வாழும். பார்வையற்ற பக்கத்திலிருந்து நெருங்குபவர் முதலில் குரல் கொடுத்து, பிறகே தொட வேண்டும்; தண்ணீர்த் தொட்டியின் இடத்தை மாற்றக் கூடாது. மலைப்பாதையிலும் நெரிசலான ஊர்வலத்திலும் அதை இனி ஈடுபடுத்தக் கூடாது. பல மாநிலங்களில் 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி இருப்பிடத்துக்கே வருகிறது.