வீட்டுச் சாப்பாட்டு நெல்லுக்கு ஒரு பத்தாயம்!

பிளவக்கல் அணைத் தண்ணீரில் விளையும் வத்திராயிருப்பு நெல், பெரும்பாலும் களத்திலிருந்தே வண்டி ஏறிவிடுகிறது. அறுவடை நேரத்து விலைக்கு நெல்லை விற்றுவிட்டு, பிறகு கடையில் அரிசி வாங்குகிறோம். கேட்டால், ‘வைக்க இடமில்லை’ என்பார்கள். இதற்காகத்தான் கரிசல் பக்கம் மண் குலுக்கையும், தஞ்சை, குமரிப் பக்கம் மரப் பத்தாயமும் இருந்தன. மரம் கைவசம் இருந்தால் பத்தாயத்தை இன்றும் செய்துகொள்ளலாம்.

ஒரு கன அடிக்குச் சுமார் 16 கிலோ நெல் பிடிக்கும். 4 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரத்தில் செய்தால், மேலே கொஞ்சம் இடம் விட்டாலும் 500 கிலோ வைக்கலாம்.

மலை பக்கத்தில்தானே என்று காட்டு மரத்தை நினைக்காதீர்கள். அது 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். சொந்த வரப்பில் நிற்கும் வேம்பு, பூவரசு, வாகை போதும். வைரம் பாய்ந்த பகுதியை மட்டும் எடுங்கள். ஓரத்து வெளிர்மரம் சீக்கிரம் உளுத்துவிடும். அறுத்த பலகைகளை இடையில் குச்சி கொடுத்து, நிழலில் குறைந்தது 3 மாதம் அடுக்கி வையுங்கள். அவசரப்பட்டுப் பச்சைப் பலகையில் அடித்தால், காய்ந்ததும் இடுக்கு விழும். வண்டு குடியேறுவது அங்கேதான்.

ஒன்றேகால் அங்குலப் பலகைகளைக் காடியும் நாக்குமாகப் பொருத்த வேண்டும். இதற்கு ஆசாரி கை அவசியம். ஒரே பெட்டியாகச் செய்யாமல், ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் 3 அடுக்குகளாகச் செய்தால் கழற்றிக் கழுவிக் காயவைக்கலாம். அடிப்பலகை முன்பக்கம் சரிந்திருக்கட்டும். அங்கே கை நுழையும் அளவுக்கு ஒரு வாய், அதற்கு மேலே தூக்கும் அடைப்பு. பழைய நெல் முதலில் வெளியே வரும். கால்கள் ஓரடி உயரம், அடியில் கல், சுவரிலிருந்து அரை அடி தள்ளி. உட்புறம் பெயின்ட், வார்னிஷ் எதுவும் வேண்டாம். மூடியில் தானாகப் பூட்டிக்கொள்ளும் கொண்டி வைக்காதீர்கள். குழந்தைகள் உள்ளே இறங்கி விளையாடும் வீடுகள் நம்முடையவை.

பெட்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஈர நெல்லைக் காப்பாற்றாது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவிகித ஈரப்பதம் வரை எடுப்பார்கள். அதே நெல்லைப் பத்தாயத்தில் கொட்டினால் பூசணம்தான். 12, 13 சதவிகிதத்துக்கு இறங்க வேண்டும். கடித்தால் ‘கடக்’கென்று உடையட்டும்; அமுங்கினால் இன்னும் ஒரு வெயில். காய்ந்த சூட்டோடு கொட்டாமல், ஆறவிட்டுக் கொட்டுங்கள். நிழலில் உலர்த்திய வேப்பிலை, நொச்சி இலையை இடையிடையே போடலாம். மருந்து கலந்த விதைநெல்லை இதில் சேர்க்கவே கூடாது.

மாதம் ஒருமுறை நெல்லுக்குள் முழங்கைவரை கையை விட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் அன்றைக்கே எடுத்து வெயிலில் பரப்பிவிடுங்கள்.