"ஏப்ரல்ல பாத்துக்கலாம் தம்பி": சொன்ன சம்பள உயர்வு தள்ளிக்கிட்டே போனா என்ன செய்யணும்?



அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் மானாவாரி விவசாயம் பாக்குற பெரியவங்க யாரையாவது கேட்டுப் பாருங்க. மேகம் கறுத்ததை மழைன்னு கணக்குல எழுத மாட்டாங்க. மண்ணு நனைஞ்சாத்தான் மழை. ஆனா மாசச் சம்பளம் வாங்குற நம்மள்ல பலர், மேகத்தைப் பாத்ததுமே செலவை ஆரம்பிச்சிடுறோம்.

அருப்புக்கோட்டை பக்கம் ஒரு நூல் மில் ஆபீஸ்ல கணக்கு பாக்குற தம்பி ஒருத்தர் நம்மகிட்ட பேசினார். சம்பளம் 18,000 ரூபாய். பிப்ரவரியில முதலாளி கூப்பிட்டு, "ஏப்ரல்ல இருந்து பத்து பெர்சன்ட் சேத்துத் தர்றேன்"னு சொல்லியிருக்கார். அந்த நம்பிக்கையில மார்ச்ல பைக் எடுத்தாச்சு. மாசத் தவணை 2,400 ரூபாய். ஏப்ரல்ல கேட்டா "ஆடிட் முடியட்டும்". ஜூன்ல "பஞ்சு விலை ஏறிப்போச்சு, நூல் நகரல". ஆகஸ்ட்ல "தீபாவளி கழியட்டும்". இதுக்கு நடுவுல அம்மாவோட கம்மல் அடகுக் கடைக்குப் போயிடுச்சு. "அண்ணே, பேசாம வேலைய விட்டுடவா?"ன்னு கேட்டார்.

விடலாம். ஆனா அதுக்கு முன்னாடி செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் இருக்கு.

முதல்ல கணக்கைப் போடுங்க

18,000-க்குப் பத்து சதவீதம்னா மாசம் 1,800. ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஆறு மாசத்துல போனது 10,800 ரூபாய். இது கண்ணுக்குத் தெரியிற நஷ்டம்.

தெரியாத நஷ்டம் அடுத்த வருஷம் வரும். இந்த வருஷம் உயர்ந்திருந்தா 19,800. அடுத்த ஏப்ரல்ல இன்னொரு பத்து சதவீதம் சேர்ந்தா 21,780. இந்த வருஷத்தை விட்டுட்டா, அடுத்த வருஷம்தான் 19,800-க்கே வருவீங்க. வித்தியாசம் மாசம் 1,980, வருஷத்துக்கு 23,760. விலைவாசி ரிசர்வ் வங்கியோட இலக்கான 4 சதவீதத்துல ஏறினாக்கூட, போன வருஷம் வாழ்ந்த மாதிரியே வாழ உங்களுக்கு 18,720 தேவை. சம்பளம் அப்படியே நிக்குதுன்னா, உண்மையில அது குறைஞ்சிருக்கு.

சொல்ற காரணம் உண்மையா?

பஞ்சு விலை ஏறி நூல் தேங்கினா மில்லுக்குக் கஷ்டம்தான், அதை மறுக்க முடியாது. ஆனா மூணு விஷயத்தைக் கவனிங்க. உயர்வு எல்லாருக்கும் நின்னிருக்கா, உங்களுக்கு மட்டுமா? புதுசா ஆள் எடுக்குறாங்களா? பி.எஃப். பணம் மாசாமாசம் கட்டப்படுதா? கடைசிக் கேள்விக்குப் பதில் உமங் செயலியில உங்க பி.எஃப். பாஸ்புக்லயே இருக்கும். சம்பளத்துல பிடிச்சுட்டு அங்க கட்டாம இருந்தா, பிரச்சினை சம்பள உயர்வு இல்ல. அன்னைக்கே வேற வேலை தேட ஆரம்பிங்க.

வாய்ச்சொல்லை எழுத்தா மாத்துங்க

கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிக்காரங்க கதை ஞாபகம் இருக்கா? ஜவுளி உற்பத்தியாளர்களுக்குக் கூலிக்கு நெய்து கொடுக்குறவங்க அவங்க. 2021 நவம்பர்ல அமைச்சர்கள் முன்னிலையில பேச்சு நடந்து, சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் கூலி உயர்வுன்னு முடிவாச்சு. அது நடைமுறைக்கு வரல. 2022 ஜனவரியில தறிகளை நிறுத்தினாங்க. ஒரு மாசத்துக்கும் மேல வேலைநிறுத்தம் நடந்து, கடைசியில 19, 15 சதவீதத்துல முடிஞ்சது. அமைச்சர் முன்னாடி பேசினதுக்கே இந்த நிலைமைன்னா, டீ குடிச்சுக்கிட்டே முதலாளி சொன்ன பத்து பெர்சன்ட்டுக்கு என்ன பிடிமானம்?

அதனால மரியாதையா ஒரு மெயிலோ வாட்ஸ்அப்போ அனுப்புங்க: "வணக்கம் சார். ஏப்ரல் முதல் சம்பளத்தை 10 சதவீதம் உயர்த்துவதாக பிப்ரவரியில் சொல்லியிருந்தீர்கள். அது எந்த மாதத்திலிருந்து வரும், ஏப்ரலில் இருந்து கணக்கிட்டு நிலுவை கிடைக்குமா என்று தெரிவித்தால் நன்றாக இருக்கும்." இதுல குற்றச்சாட்டு எதுவும் இல்ல. தேதி இருக்கு, தொகை இருக்கு, நிலுவையும் இருக்கு. பதில் "சரி, ஜனவரியில"ன்னு வந்தாக்கூட உங்க கையில ஒரு எழுத்து இருக்கும்.

பேசப் போகும்போது

"வீட்டுல கஷ்டம் சார்"னு ஆரம்பிக்காதீங்க. கஷ்டம் எல்லாருக்கும் இருக்கு. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் நீங்க பாக்குறீங்களா, வெளியில கொடுத்தா என்ன செலவாகும்னு சொல்லுங்க. மொத்தமா முடியாதுன்னா, "பாதி இப்ப, பாதி ஜனவரியில"ன்னு கேளுங்க.

ஒரு எச்சரிக்கை. "தீபாவளிக்கு போனஸ் தர்றோமே, அதுவே உயர்வுதானே"ன்னு சிலர் ஒப்பேத்துவாங்க. போனஸ் வேற, உயர்வு வேற. தகுதியுள்ள ஊழியர்களுக்குக் குறைந்தபட்சம் 8.33 சதவீத போனஸ் சட்டப்படியே வரணும்.

சட்டம்னதும் இன்னொண்ணு. சம்பள உயர்வு பொதுவா சட்ட உரிமை கிடையாது. உங்க நியமனக் கடிதத்துல வருஷா வருஷம் இவ்வளவுன்னு இருந்தா கேக்க உரிமை உண்டு. குறைந்தபட்ச ஊதியம் மட்டும் யாரும் தட்ட முடியாதது. நம்ம மாநிலத்துல அதுக்கான பஞ்சப்படி ஏப்ரல்ல மாறும். உங்க சம்பளம் அதுக்குக் கீழ இருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்க.

விடுறதுன்னா கணக்கோட விடுங்க

உங்களுக்கு நீங்களே ஒரு கெடு வைங்க. அதுக்குள்ள மூணு மாசச் செலவுக்குக் காசு சேருங்க, விருதுநகர், சிவகாசி, மதுரையில வேலை தேடுங்க. மதுரையில 22,000 கிடைச்சு, பஸ்ஸுக்கும் வெளிச் சாப்பாட்டுக்கும் 3,500 போனா மிச்சம் 500 ரூபாய்தான். அதையும் சேத்துக் கணக்குப் பாருங்க. அஞ்சு வருஷ சர்வீஸ் நெருங்குதுன்னா கிராஜுவிட்டியை மனசுல வைங்க. 2025 நவம்பர் 21-ல நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டப்படி, வேலையை விட்டா பாக்கிச் சம்பளம் ரெண்டு வேலை நாளுக்குள்ள வரணும். ஆனா கோபத்துல நின்னுட்டுப் போகாதீங்க, நோட்டீஸ் காலத்தை முடிச்சுட்டுப் போங்க.

அந்தத் தம்பி வேலையை விடல. மெசேஜ் அனுப்பினார். ரெண்டு நாள் பதில் இல்ல, மூணாவது நாள் கூப்பிட்டுப் பேசினாங்க. அக்டோபர்ல இருந்து 1,000 ரூபாய், மீதி 800 ஜனவரியில இருந்துன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. நிலுவை கிடைக்கல. அந்த 10,800 போனது போனதுதான். கம்மல் இன்னும் அடகுக் கடையிலதான் இருக்கு, தை மாசம் மீட்கணும்னு சொன்னார்.

உங்களுக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. உயர்ந்த சம்பளம் ரெண்டு மாசம் தொடர்ந்து பேங்க் கணக்குல ஏறின பிறகு தவணைக்குக் கையெழுத்துப் போடுங்க. மண்ணு நனையட்டும், அப்புறம் விதைக்கலாம்.