மறதியின் வெப்பம்

கிறிஸ்டோபர் லேண்டன் இயக்கி 2017-இல் வெளிவந்த ‘ஹாப்பி டெத் டே’ திரைப்படத்தில், ட்ரீ என்னும் கல்லூரி மாணவி தன் பிறந்தநாளன்று முகமூடி அணிந்த கொலையாளியால் கொல்லப்படுகிறாள். இறந்த கணமே அதே நாளின் காலையில் கண்விழிக்கிறாள். நாள் ஏன் திரும்புகிறது என்பதற்கு அப்படம் விடை சொல்லவில்லை. விடையில்லாமலே அச்சமும் நகைப்பும் செவ்வனே நடந்தேறின. 2019-இல் வந்த இரண்டாம் பாகமோ கொலைக்கதையை ஆய்வகத்திற்குள் இட்டுச் செல்கிறது. மாணவர் மூவர் கட்டிய குவாண்டம் குளிர்விப்பு உலையே காலத்தை முடிச்சிட்டது என்று காரணம் காட்டுகிறது.

அவ்வுலையின் பெயர் சிசிபஸ். பாறையை ஓயாமல் மலையேற்றும் கிரேக்கத் தொன்மத்து மன்னனின் பெயர் என்று மட்டும் எண்ணிக் கடந்துவிடலாகாது. சிசிபஸ் குளிர்விப்பு என்னும் நுட்பம் இயற்பியலில் மெய்யாகவே உண்டு. 1989-இல் பிரெஞ்சு அறிஞர் ழான் தலிபாரும் குளோத் கோன்-தனூஜியும் அதன் கொள்கையை விளக்கினர். எதிரெதிராகச் செலுத்தப்படும் லேசர்க் கற்றைகள் அணுவின் வழியில் ஆற்றல் மேடுகளையும் பள்ளங்களையும் அமைக்கின்றன. மேடேறும் அணு இயக்க ஆற்றலை இழக்கிறது. உச்சியை நெருங்கியதும் ஒளி அதனைப் பள்ளத்தின் நிலைக்கு மாற்றுகிறது; இழந்த ஆற்றலை ஒளித்துகள் ஏந்திச் செல்ல, அணு மீண்டும் ஏறத் தொடங்குகிறது. ஏறி ஏறியே அது குளிர்கிறது. 1997-ஆம் ஆண்டின் நோபல் பரிசில் கோன்-தனூஜிக்கும் பங்கு கிடைத்தது. படத்தின் அறிவியல் பேச்சுகள் அனைத்திலும் இப்பெயர் ஒன்றே எனக்கு நிறைவளித்தது.

பின்னர் ட்ரீ வேறோர் உலகிற்கு வீசப்படுகிறாள். அங்கே அவளுடைய மறைந்த தாய் உயிரோடிருக்கிறாள். இது, உலகம் பல கிளைகளாகப் பிரிகிறது என்று ஹ்யூ எவரெட் 1957-இல் முன்வைத்த கருத்தின் நிழல். ஆனால் எவரெட்டின் கிளைகள் ஒன்றையொன்று தொடமாட்டா. குவாண்டம் சமன்பாட்டின் நேரியல்பு அதற்கு இடங்கொடாது. அந்நேரியல்பு சற்றே பிறழ்ந்தாலும் கிளைகளுக்கிடையே செய்தி அனுப்பக்கூடும் என்று 1991-இல் ஜோசப் போல்சின்ஸ்கி காட்டினார். அங்கும் செல்வது செய்தியே; ஆள் அல்ல.

படத்தின் ஆழமான புதிர் வேறிடத்தில் இருக்கிறது. முடிச்சை அவிழ்க்கும் படிமுறையைக் கண்டறிய மாணவர்கள் ஒவ்வொன்றாகச் சோதிக்கின்றனர். நாள் திரும்பியதும் அவர்கள் அனைத்தையும் மறந்துவிடுவர். ஆதலால் தோற்றவற்றை ட்ரீயே மனப்பாடம் செய்து மறுநாளுக்குக் கொண்டுசெல்கிறாள். அவள் எவ்வாறு நினைவில் வைத்திருக்கிறாள் என்று வியக்கிறோம். இயற்பியலாளர் வியக்க வேண்டியது பிறர் எவ்வாறு மறந்தனர் என்பதற்கே. நினைவென்பது நரம்பணுக்களின் இணைப்பில் பதிந்த பருப்பொருள் மாற்றம். தானே அழிந்துபோகும் ஆவியன்று. முதற்படத்தில் பழைய சாவுகளின் காயத்தடங்கள் ட்ரீயின் உடலில் தங்கியிருப்பதை மருத்துவப் பரிசோதனை காட்டும். உடல் தழும்பைக் காத்தால் மூளையும் காக்கட்டும். அவளளவில் கணக்கு நேராகிறது.

கணக்கு பிழைப்பது மற்றவரிடம். ஒரு பிட் தகவலை அழித்தால் குறைந்தது இவ்வளவு வெப்பம் வெளிப்பட்டே தீரும் என்று 1961-இல் ரால்ஃப் லாண்டவர் வரம்பு வகுத்தார். அறை வெப்பநிலையில் அது ஒரு ஜூலைக் கோடி கோடி கோடிப் பங்காக்கி, அவற்றுள் ஏறத்தாழ மூன்றை எடுத்த அளவு. சிறிதுதான். ஆனால் ஒரு கல்லூரியின் ஒருநாள் நினைவுகளோடு காலடித் தடங்களும் கடிகார முள்களின் நகர்வும் துடைக்கப்படுகின்றனவே! அவ்வெப்பம் எங்கே போயிற்று என்று படத்தில் எவரும் கேட்பதில்லை. குளிர்விப்பு உலை ஊரையே சூடாக்குவது நல்லதொரு நகைச்சுவைக் காட்சியாகியிருக்கும்.

2012-இல் பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் இவ்வரம்பைச் சோதித்தனர். நீரில் மிதக்கும் நுண்ணிய கண்ணாடி மணியொன்றை லேசர் ஒளியின் இரு பள்ளங்களுக்கிடையே நிறுத்தி, அது எந்தப் பள்ளத்தில் இருந்தது என்னும் ஒரேயொரு பிட்டை அழித்து வெப்பத்தை அளந்தனர். மெதுவாக அழித்தபோது வெப்பம் லாண்டவர் வரம்பை நெருங்கியது. விரைந்து அழித்தபோது மிகுந்தது. ட்ரீயின் ஊரிலோ ஒருநாள் முழுதும் கண்ணிமைப்பொழுதில் அழிகிறது.