எல்லைக்கு இருபுறமும் ஒரு தமிழ் ஊர்

சயான் பாலத்துக்குக் கிழக்கே சபாவும் சங்கமும்; மேற்கே தோல் தொழிலும் இட்லி வியாபாரமும். நூறாண்டுக்கும் மேலாக வேரூன்றிய மும்பைத் தமிழ்ச் சமூகத்தின் முன் இப்போது ஒரு கணக்கெடுப்புப் படிவம்.

தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு இந்தப் பகுதி சினிமா வழியாகத்தான் அறிமுகம். 1987ல் 'நாயகன்', 2018ல் 'காலா'. இரண்டிலும் மும்பைத் தமிழர். இரண்டிலும் ஒரு தாதா. ஆனால் சயானைச் சுற்றித் தமிழ் வாழ்க்கையைக் கட்டியெழுப்பியவர்கள் தாதாக்கள் அல்ல. குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், தோல் பதனிட்டவர்கள், விடியுமுன் இட்லிப் பாத்திரத்தோடு கிளம்பியவர்கள்.

ஊரின் பெயரிலேயே அதன் கதை இருக்கிறது. சயானை மராத்தியர் 'ஷீவ்' என்கிறார்கள். எல்லை என்று பொருள். ஆங்கிலேயரின் பம்பாய் இங்கே முடிந்தது. ஓடைக்கு அப்பால் போர்த்துகீசியரின் சால்செட் தீவு. எல்லையைக் காக்க 17ஆம் நூற்றாண்டில், ஜெரால்ட் ஆஞ்சியர் ஆளுநராக இருந்தபோது, குன்றின்மேல் கோட்டை எழுந்தது. 1737ல் ஆளுநர் ஜான் ஹார்ன் தாராவிப் பக்கம் மித்தி நதியோரம் இன்னொரு கோட்டை கட்டினார். அதன் பெயர் இன்று காலா கில்லா. 1805ல் கடல்வழிச் சாலை ஒன்று சயானைக் குர்லாவுடன் இணைத்தது. எல்லை மறைந்தது, பெயர் நின்றது.

தமிழர்கள் வந்தது இரண்டு வழிகளில். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் தாராவியில் தோல் பதனிடும் தொழிலில் இறங்கினார்கள். அங்குள்ள படி மசூதி 1887ல் தொடங்கியது; கணேசர் கோயில் 1913ல் எழுந்தது. கிழக்கே நடந்தது வேறு கதை. 1896ல் பம்பாயைப் பிளேக் உலுக்கியது. நெரிசலைக் குறைக்க 1898ல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட், தாதர், மாதுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் அகலத் தெருக்களும் மனைகளும் பிரித்தது. ஆங்கிலமும் தட்டச்சும் கற்று வந்த தென்னிந்தியர்கள் அங்கே குடியேறினார்கள்.

வந்த இடத்தில் முதலில் அவர்கள் தேடியது பள்ளிக்கூடம். எம்.வி. வெங்கடேஸ்வரன் 1932ல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம், 1960ல் சயானில் கல்லூரி திறந்தது. 1952ல் பிறந்த ஷண்முகானந்த சபா, 1963ல் ஏறத்தாழ 2,700 இருக்கைகள் கொண்ட அரங்கைக் கட்டியது. 1990ல் தீ அதை விழுங்கியது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1998ல் மறுபடி திரை உயர்ந்தது. பம்பாய்த் தமிழ்ச் சங்கமும் சயானில்தான். 1966ல் பிறந்த சிவசேனை தென்னிந்தியரை எதிர்த்துக் கிளம்பிய நாட்களிலும் இவர்கள் ஊர் திரும்பிவிடவில்லை.

ஆனால் ஒரே மொழி பேசியவர்கள் ஒரே ஊராக வாழ்ந்ததில்லை. நடுவே ரயில் பாதை. தண்டவாளம் பிரித்ததைவிடச் சாதியும் சம்பளமும் அதிகம் பிரித்தன. மாதுங்காவின் கச்சேரிக்குத் தாராவியிலிருந்து வந்தவர் குறைவு. தாராவித் தெருக்களில் பானைகள் வரிசையாகப் பொங்கும் தைப்பொங்கலுக்கு மாதுங்காவிலிருந்து போனவரும் குறைவு. இருதரப்பும் தவறாமல் சந்தித்த இடங்கள் சில உண்டு: சயான் ஸ்டேஷன், 1947ல் தொடங்கிய சயான் மாநகராட்சி மருத்துவமனை, பிறகு 1912ல் கட்டிய சயான் மேம்பாலம். அந்தப் பாலமும் 2024 ஆகஸ்டு 1 அன்று இடித்துக் கட்டுவதற்காக மூடப்பட்டது. நிமிடங்களில் கடந்த தூரத்துக்கு வண்டிகள் ஊரைச் சுற்றின.

பாலத்தை மறுபடி கட்டிவிடலாம். ஊரை? அதானி குழுமம் 80 சதவிகிதமும் மாநில அரசு 20 சதவிகிதமும் பங்கு வைத்துள்ள தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில், 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசித்ததாகக் காகிதம் காட்டினால் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பிறகு 2011 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்ச ரூபாய்க்கு வீடு. மாடியில் குடியிருப்பவர்களுக்கும் வெளியேதான், வாடகையோடு விலையைக் கட்டித் தீர்க்கும் முறையில்.

இந்த விதி வெட்டுவது சுவரை மட்டுமல்ல, பிழைப்பையும். தாராவி இட்லிக்காரரின் வீடுதான் அவர் தொழிற்சாலை. இரவில் மாவு அரைத்து, விடியுமுன் அவித்து, பாத்திரத்தோடும் சாம்பார், சட்னி வாளிகளோடும் நகரெங்கும் கிளம்ப வேண்டும். மாவு மில், மளிகைக் கடன், அவசரத்துக்குக் கை கொடுக்கும் ஊர்க்காரர் எல்லாம் அடுத்த சந்தில். முலுண்டிலோ தேவனாரிலோ ஒரு ஃபிளாட் கிடைக்கலாம். அந்தச் சந்து கிடைக்காது. கழிப்பறையும் காற்றும் உள்ள வீட்டை வேண்டாம் என்பவர் தாராவியில் யாருமில்லை. எங்கே, எந்தக் கணக்கில் என்பதுதான் கேள்வி.

இந்தச் சமூகத்துக்குக் குரலே இல்லை என்றும் சொல்ல முடியாது. பக்கத்துச் சயான் கோலிவாடா தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக 2014, 2019, 2024 என மூன்று முறை தேர்வானவர் புதுக்கோட்டைக்காரரான கேப்டன் ஆர். தமிழ்ச்செல்வன். மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளும் நடத்துகிறது. ஆனால் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாற, அவற்றில் எண்ணிக்கை சரிகிறது. மாதுங்காவின் பழைய குடும்பங்களில் பல, செம்பூருக்கும் முலுண்டுக்கும் எப்போதோ நகர்ந்துவிட்டன. அவர்கள் நகர்ந்தது வசதி தேடி, தாங்களாகத் தேர்ந்த நாளில். தாராவிக்காரருக்கு அந்த நாளை ஒரு கணக்கெடுப்பு தேர்கிறது.

குன்றின்மேல் கோட்டை இப்போது இடிபாடு. அடிவாரத்தில் நேரு பூங்கா. ஆங்கிலேயர் வகுத்த எல்லையை யாரும் நினைப்பதில்லை. புதிய எல்லை கல்லால் ஆனதல்ல, ஒரு தேதி. 2000 ஜனவரி 1. அதற்கு எந்தப் பக்கம் தங்கள் ரேஷன் கார்டு இருக்கிறது என்று தாராவித் தமிழர்கள் டிரங்குப் பெட்டிகளைத் துழாவுகிறார்கள்.