கிண்டியில் படித்த லலிதா

பதினைந்து வயதில் திருமணம், பதினெட்டில் கணவரின் மறைவு, கையில் நான்கு மாதக் குழந்தை. சென்னையைச் சேர்ந்த அ. லலிதாவின் படிப்பு அத்தோடு நின்றுவிடவில்லை. கிண்டிப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த அப்பா சுப்பாராவ், மகளுக்கும் இடம் கேட்டார். அதுவரை ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் 1940-இல் சேர்ந்து, 1943-இல் மின் பொறியாளராக வெளியே வந்தார். சான்றிதழில் ஆண்பாலில் அச்சாகியிருந்ததை அடித்துத் திருத்திக் கொடுத்தார்கள்! பிறகு கல்கத்தாவில் வேலை. பக்ரா நங்கல் அணையின் மின்பாதை வடிவமைப்பில் அவர் உழைப்பும் உண்டு.

பத்தாவது முடித்த மகள் கணக்கும் அறிவியலும் எடுக்கிறேன் என்றால், பெற்றோரே, 'உனக்கெதுக்கு அதெல்லாம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். லலிதாவின் அப்பாவைப் போலக் கூடவே போய் விண்ணப்பம் வாங்கிக் கொடுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகள் உயர்கல்வி பயிலும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தையும் பள்ளியிலேயே விசாரியுங்கள்.