ஒரே போதை, இரு வழிகள்: கிறாக் கொக்கெயினிலிருந்து மீள வரும் ஆண்களும் பெண்களும்

போதைக்கு அடிமையானவர் என்றதும் எமது மனக்கண்ணில் தோன்றுவது பெரும்பாலும் ஓர் ஆண்தான். சிகிச்சை நிலையங்களும் நெடுங்காலமாக ஆணை மனதிற் கொண்டே அமைக்கப்பட்டன. அதே சிகிச்சை பெண்ணுக்கும் பொருந்துமா? இக்கேள்வியை ஐக்கிய அமெரிக்காவின் ஏழைக் குடியிருப்புகளில் உரத்து எழுப்பியது கிறாக் என்னும் போதைப்பொருள். அங்கு கிடைத்த அனுபவம் நாமும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று.

கிறாக் என்றால் என்ன?

தென் அமெரிக்காவில் வளரும் கொக்கா செடியின் இலையிலிருந்து எடுக்கப்படுவது கொக்கெயின். தூளாக விற்கப்பட்ட காலத்தில் அது பணக்காரரின் போதையாக இருந்தது. 1980களின் நடுப்பகுதியில் அதனைச் சிறு கட்டிகளாக்கி, ஒரு சில டொலருக்கு விற்கத் தொடங்கினார்கள். சூடாக்கும்போது எழும் வெடிப்பு ஓசையே கிறாக் என்ற பெயருக்குக் காரணம். அதன் புகையை உள்ளிழுத்தால் சில விநாடிகளில் மூளையை எட்டிவிடும். 5 முதல் 10 நிமிடங்களில் உச்சம் இறங்கிவிடும். பின்பு சோர்வும், மீண்டும் வேண்டும் என்ற தவிப்புமே மிஞ்சும். இந்நோய்க்கென அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இன்றுவரை இல்லை.

விழும் வழி

சிகிச்சைக்கு வந்தவர்களை ஆராய்ந்தபோது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே சில வேறுபாடுகள் தெரியவந்தன. பெண்களுட் பலருக்குக் கொக்கெயினை அறிமுகப்படுத்தியவர் கணவன் அல்லது காதலன். அவனும் அதே வீட்டில் புகைப்பவனாக இருந்தால், போதையை விடுவதென்பது அவளுக்கு அந்த உறவையும் விடுவதாகிவிடுகிறது. சிறுவயதில் அனுபவித்த கொடுமைகளும் மனச்சோர்வும் பெண்களிடம் கூடுதலாகக் காணப்பட்டன.

ஆண்களிடம் கூடுதலாகக் காணப்பட்டவை மதுப் பழக்கமும் பொலிஸ் வழக்குகளும். மதுவும் கொக்கெயினும் சேரும்போது ஈரலில் கொக்காஎதிலீன் என்ற வேறொரு பொருள் உருவாகி இதயத்தைத் தாக்குகிறது.

பல ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. பெண்கள் குறைந்த காலமே பாவித்திருந்தாலும், நீண்டகாலம் பாவித்த ஆண்களுக்குச் சமமான பாதிப்போடு சிகிச்சைக்கு வருகின்றனர். எல்லா ஆய்வுகளும் இதில் ஒத்துப்போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்த வேகமான சரிவு முதலில் கவனிக்கப்பட்டது மதுவுக்கு அடிமையான பெண்களிடம் என்பதை நாம் குறித்துக்கொள்வது நல்லது. உடலமைப்பும் ஒரு காரணம். மாதவிலக்குச் சுழற்சியின் காலத்துக்கேற்பக் கொக்கெயினின் தாக்கம் பெண்ணிடம் கூடிக் குறைவதாகச் சோதனைகள் காட்டியுள்ளன.

மூடிய கதவுகள்

பெண் ஏன் பிந்தி வருகிறாள்? அவளுக்கு மனமில்லை என்று சொல்லிவிடுவது எளிது. 1989இல் நியூயோர்க் நகரின் சிகிச்சை நிலையங்களை வைத்தியர் வெண்டி சவ்கின் ஆராய்ந்தார். அவற்றுள் 54 வீதமானவை கர்ப்பிணிகளை ஏற்க மறுத்தன. அரச மருத்துவ உதவியில் தங்கியிருந்த, கிறாக்குக்கு அடிமையான கர்ப்பிணிகளை 87 வீதமானவை ஏற்கவில்லை. வாசல்வரை வந்தவளும் திருப்பியே அனுப்பப்பட்டாள்.

அச்சம் இன்னொரு பூட்டு. தென் கரோலினா மாநிலத்தின் சாள்ஸ்ரன் நகரில் 1989 முதல் ஓர் அரச மருத்துவமனை, கர்ப்பிணிகளின் சிறுநீரை அவர்களது சம்மதமின்றிச் சோதித்து, முடிவைப் பொலிசுக்குக் கொடுத்தது. தாய்மார் கைதாயினர். சம்மதமின்றிச் செய்யும் இத்தகைய சோதனை அரசியலமைப்புக்கு முரணானது என 2001இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உண்மையைச் சொன்னால் பிள்ளையைப் பறித்துவிடுவார்கள் என்று அஞ்சும் தாய் எந்த வைத்தியரிடம் போவாள்? ஆணை நீதிமன்றமோ தொழில் தருபவரோ சிகிச்சைக்குத் தள்ளிவிடுவதுண்டு. அவன் போனால் பிள்ளைகளைப் பார்க்க வீட்டில் ஒருத்தி இருப்பாள். அவள் போனால் பார்ப்பவர் யார்?

மீளும் வழி

கதவு திறந்தபோது நிலைமை மாறியது. 1990களில் தாயும் பிள்ளைகளும் சேர்ந்து தங்கும் சிகிச்சை இல்லங்கள் பெருகின. அவற்றில் பெண்கள் கூடுதலான காலம் தங்கினார்கள். கூடுதலான காலம் தங்கியவர்களே கூடுதலாகத் தேறினார்கள். சிகிச்சைக்குள் வந்த பெண் ஆணுக்குக் குறையாமல் தேறுகிறாள் என்பது தெளிவாயிற்று. போதையற்ற ஒவ்வொரு பரிசோதனைக்கும் சிறு பரிசு கொடுக்கும் முறை இருபாலாருக்கும் நல்ல பலன் தந்தது.

மீண்டும் வழுக்கும் இடமும் வேறுபடுகிறது. பெண்களைத் துயரமும் வீட்டுச் சச்சரவும் பெரிதும் பின்னிழுக்கின்றன. ஆண்களோ மனம் மகிழ்ந்திருக்கும் நேரத்தில், "இனி எனக்கு ஒன்றும் செய்யாது" என்ற துணிவில் வழுக்குவதுண்டு. ஆகவே ஆணின் நல்ல நாட்களிலும், பெண்ணின் கெட்ட நாட்களிலும் வீட்டார் விழிப்பாயிருப்பது நன்று.

எமது ஊர்களிலும் முகாம்களிலும் குடியை ஒழிக்கக் கூட்டம் கூடும்போது, மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். உதவி தேட ஒரு பெண்ணுக்கு இங்கே அச்சமின்றிப் பேச இடமுண்டா? அவள் போகும் நாளில் பிள்ளைகளுக்குச் சோறு போடுபவர் யார்? திரும்பி வரும்போது அவளைப் பழிக்காமல் ஏற்பவர் யார்? இவற்றுக்கு அயலவர்கள் பதில் வைத்திருந்தால் சிகிச்சையில் பாதி அங்கேயே நடந்துவிடும்.