செவ்வந்தி நாற்றங்காலுக்கு இரவு விளக்கு: ஏற்ற டிரான்சிஸ்டர் எது?

செவ்வந்தி குறும்பகல் பயிர். இரவு நீண்டால் மொட்டுக் கட்டும். தமிழகத்தில் மிக நீண்ட பகலும் ஏறத்தாழ 13 மணி நேரமே. ஆகவே பசுமைக்குடிலில் கொய்மலர் ரகங்களின் தாய்ச் செடிகளுக்கு இரவு 10 மணி முதல் 2 மணி வரை ஒளி கொடுத்து, இருளை இடையில் முறிப்பது வழக்கம். விளக்கு தவறினால் செடிகள் மொட்டு விடும். நடுவதற்கு நல்ல நுனித் துண்டுகள் கிடைக்கா.

சிறு பாத்திகளுக்கு 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை கட்டி, மைக்ரோகன்ட்ரோலர் கொண்டு நேரப்படி இயக்கலாம். இடையில் வைக்கும் டிரான்சிஸ்டரைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது இன்றியமையாதது.

மின்னோட்டக் கணக்கு

மீட்டருக்கு 14.4 வாட் பட்டை 5 மீட்டர் கட்டினால் 72 வாட். இதை 12ஆல் வகுக்க 6 ஆம்பியர். ஆர்டுயினோ யூனோவின் ஒரு முனையிலிருந்து 20 மில்லி ஆம்பியர் அளவே எடுக்கலாம். எனவே பட்டையை நேரடியாக இணைத்தல் கூடாது.

எதை வாங்குவது?

பி.சி.547 100 மில்லி ஆம்பியர் மட்டுமே தாங்கும். டி.ஐ.பி.120இன் வரம்பு 5 ஆம்பியர், 3 ஆம்பியரிலேயே 2 வோல்ட் வரை இழந்து, 6 வாட் வெப்பம் உண்டாக்கும், பட்டையும் மங்கும்.

மாஸ்ஃபெட் வகையே ஏற்றது. ஆனால் ஐ.ஆர்.எஃப்.இசட்.44என் முழுமையாகத் திறக்க அதன் கேட் முனைக்கு 10 வோல்ட் தேவை. ஐ.ஆர்.எல்.இசட்.44என் 5 வோல்ட்டிலேயே நன்கு திறக்கும். 6 ஆம்பியரில் சுமார் 1 வாட் வெப்பமே உண்டாகும். பெயரில் ஓரெழுத்துதான் வேறுபாடு. கடையில் பார்த்து வாங்க வேண்டும். ஈ.எஸ்.பி.32 போன்ற 3.3 வோல்ட் பலகைக்கு, 2.5 வோல்ட் கேட் மின்னழுத்தத்தில் மின்தடை குறிக்கப்பட்ட மாஸ்ஃபெட் வேண்டும்.

இணைக்கும் முறை

பட்டையின் நேர்முனையை 12 வோல்ட்டுடனும், எதிர்முனையை டிரெயினுடனும் இணைக்கவும். சோர்ஸ், பலகை, மின்வழங்கி மூன்றின் எதிர்முனைகளும் ஒன்றாக இணைய வேண்டும். பலகைக்கும் கேட்டுக்கும் இடையில் 220 ஓம், கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையில் 10 கிலோ ஓம் மின்தடை வைக்கவும். மின்வழங்கியை அடுத்து ஃபியூஸ் அவசியம். ஈரம் புகாத பெட்டியில் அனைத்தையும் வைத்து, டிரான்சிஸ்டருக்குச் சிறு அலுமினியத் தகடு பொருத்துவது நலம்.

எத்தனை நல்ல கருவியாயினும், இரவு 10 மணிக்கு மேல் விளக்கு எரிகிறதா என ஒரு முறை பார்த்துவருவது நாற்றங்காலைக் காக்கும்.